புறாவின் மேல் கூடு

மாடப்புறா என்று நாம் சொல்கிற பறவைக்கு மலையாளத்தில் இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. ஒன்று மாடப்பிராவு; அது நம் சொல்லேதான். மற்றொன்று அம்பலப்பிராவு. அம்பலம் என்றால் கோயில் என்பதை ஆரியசாலையில் குடியிருக்கும் தமிழருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பறவைக்குப் பெயர் வைக்கிறவர்கள் பொதுவாக அதன் நிறத்தைப் பார்ப்பார்கள், அல்லது குரலை, அல்லது அது எதைக் கொத்துகிறது என்பதை. மீன்கொத்தி, மரங்கொத்தி எல்லாம் அப்படி வந்தவை. புறா விஷயத்தில் இரண்டு மொழிக்காரர்களும் அதன் வீட்டு விலாசத்தையே பெயராக வைத்துவிட்டார்கள். (அடைக்கலாங்குருவியையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாமே என்று கேட்பீர்கள். அது விலாசம் இல்லை, விண்ணப்பம்.)

காட்டில் இந்தப் பறவை பாறை விளிம்புகளில் முட்டையிடும். மரத்தில் கூடு வைக்கும் பழக்கம் அதற்குக் கிடையாது. தலைக்கு மேலே ஒரு மறைப்பு, காலுக்குக் கீழே ஒரு சாண் திட்டு, முன்னால் வெட்டவெளி, இவ்வளவு இருந்தால் போதும். கூடு கட்டுவதில் அது மகா சோம்பேறி. நாலு குச்சியைக் குறுக்கே போட்டால் வேலை முடிந்தது. ஆகவே புறாக்கூடு என்று நாம் சொல்லுவது புறா கட்டியது அன்று, மனிதன் கட்டியது. பாறை விளிம்பைச் சுண்ணாம்பிலும் செங்கல்லிலும் போலி செய்து பறவையை ஏமாற்றி வரவழைக்கிற கட்டடம் அது. இக்கட்டுரையில் அதைக் கட்டடமாகவே எடுத்துக்கொண்டு, அதன் திட்டையும் பொந்தையும் கதவையும் பார்க்க விரும்புகிறேன். புறா என்றதும் சிபிச் சக்கரவர்த்தியை அழைத்துவருவது நம் மலர்களில் வழக்கம். ஒவ்வொரு மலரிலும் அவர் தொடையை அரிந்து கொடுத்தது போதும். இங்கே அவருக்கு ஓய்வு கொடுப்போம்.

தனிக்கட்டடமாக நிற்கும் பழைய புறாக்கூடு ஒன்று தமிழ் வழங்கும் நிலத்தில் இருக்கிறதா என்று தேடினால், கை நேரே நெடுந்தீவைத்தான் காட்டும். யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே பாக்கு நீரிணையில் இருக்கும் தீவு அது. குறிகட்டுவான் துறையில் படகு ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கீசரிடமிருந்து பிடித்த ஒல்லாந்தர், சுற்றியுள்ள தீவுகளுக்குத் தங்கள் நாட்டு ஊர்ப்பெயர்களைச் சூட்டினார்கள். காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று, வேலணை லெய்டன் ஆயிற்று. அந்தப் பெயர்களெல்லாம் உதிர்ந்து போயின. டெல்ஃப்ட் என்ற பெயர் மட்டும் நெடுந்தீவை இன்னும் விடவில்லை. தீவில் தானாக மேயும் குதிரைகள் உண்டு, பெருக்கமரம் உண்டு, இடிந்த கோட்டை உண்டு. இவற்றோடு சேர்த்துப் பயணிகளுக்குக் காட்டப்படுவது ஒல்லாந்தர் காலத்தது எனப்படும் புறாக்கூடு.

அது முருகைக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய கோபுரம் போன்ற சிறு கட்டடம். சுவரில் அடுக்கடுக்காகப் பொந்துகள். முருகைக்கல் என்பது கடலிலிருந்து கிடைக்கும் பவளப்பாறைக் கல். நெடுந்தீவில் வீட்டு வேலியே அந்தக் கல்தான். சாந்து இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மார்பளவு மதிலாக்கி, பனங்காணிகளைப் பிரித்திருப்பார்கள். இது கவனிக்க வேண்டிய சங்கதி. திட்டம் ஐரோப்பியத் திட்டம், கல் தீவின் கல். அந்தக் கல்லை அடுக்கிப் பழகிய கையும் தீவின் கையாகவே இருக்கவேண்டும் என்பது என் எண்ணம். ஆயினும் அதைத் ‘தமிழர் கட்டடக்கலை’ என்று உரிமை கொண்டாட நான் வரவில்லை. கல் நம்முடையது என்பதற்காகக் கட்டடம் நம்முடையது ஆகிவிடாது. எதைக் கண்டாலும் ‘இது எங்களுடையது’ என்று ஓர் அடிக்குறிப்புப் போடும் பழக்கம் ஊரைவிட்டு வெளியே வந்த தமிழர்களாகிய நம்மிடம் சற்று அதிகம்.

நான் விமரிசிக்க நினைப்பது அந்தக் கட்டடத்தைப் பற்றிச் சொல்லப்படும் விளக்கத்தை. ‘ஒல்லாந்தர் புறாக்கள் மூலம் செய்தி அனுப்பிய தபால் நிலையம்’ என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் புறாத் தபாலின் இயக்கத்தை அறிந்தவர் இதோடு திருப்தி அடைய முடியாது. செய்திப்புறா போகச் சொன்ன இடத்துக்குப் போகாது. தன் வீட்டுக்குத்தான் திரும்பும். நெடுந்தீவுக் கூட்டில் பிறந்து வளர்ந்த புறாவைப் படகில் யாழ்ப்பாணம் கொண்டுபோய் அங்கே பறக்கவிட்டால், அது செய்தியோடு நெடுந்தீவுக்கு வரும். நெடுந்தீவிலிருந்து யாழ்ப்பாணக் கோட்டைக்குச் செய்தி போகவேண்டுமானால், யாழ்ப்பாணத்தில் வளர்ந்த புறாவைக் கூடையில் இங்கே கொண்டுவந்து வைத்திருக்க வேண்டும். ஆகத் தனியாக நிற்கும் ஒரு புறாக்கூடு பாதித் தபால்தான். கடிதம் வந்துசேரும் பெட்டியே தவிர, கடிதம் போடும் பெட்டி அன்று. ஓரிடத்தில் வீடும் மற்றோரிடத்தில் தீனியுமாக வைத்து இரண்டுக்கும் போய்வரப் பழக்குகிற வித்தையும் உண்டு. 1946இல் தொடங்கிய ஒரிசா காவல்துறைப் புறாப் பிரிவு அதையும் செய்து காட்டியது. 1948இல் நேரு சம்பல்பூரிலிருந்து கட்டாக்குக்குச் செய்தி அனுப்பியது அந்தப் பிரிவின் புறாவில்தான். அங்கும் கூடுகள் பல ஊர்களில் இருந்தன. ஒன்றை வைத்துக்கொண்டு நடத்தவில்லை.

கட்டடத்தையே கேட்டாலும் வேறு பதில் வருகிறது. செய்திக்கூடு என்றால், வந்திறங்கும் பறவையை உடனே பிடித்தாக வேண்டும். உள்ளே வரலாம், திரும்ப வெளியே போகமுடியாது என்கிற மாதிரி ஒரு வாசல் வேண்டும். பக்கத்தில் ஆள் உட்கார இடம் வேண்டும். சுவர் முழுக்கப் பொந்து வைத்த கோபுரமோ பறவைகள் பெருகுவதற்கான அமைப்பு. ஐரோப்பாவில் அப்படிப்பட்டவை பெரும்பாலும் இறைச்சிக்கும் முட்டைக்கும் எருவுக்கும் கட்டப்பட்டவை. செய்தி வேலையும் நெடுந்தீவில் நடந்திருக்கலாம். இருந்தாலும் சமையற்கட்டை மறைத்துவிட்டுத் தபாலை மட்டும் சொல்லுவது, பாட்டன் பெயரைச் சொல்லி அவர் கடைக்கணக்கை மறைப்பது போல.

இந்த இறைச்சிக் கணக்கு மிகப் பழையது. கி.மு. முதல் நூற்றாண்டில் வேளாண்மை பற்றி எழுதிய ரோமானியர் வர்ரோ, ஐயாயிரம் பறவைகள் வரை கொள்ளும் புறாவீடுகளைக் குறிப்பிடுகிறார். வளைந்த கூரை, குறுகிய வாசல், சுவர் நெடுக வட்டப் பொந்துகள், எலியும் பல்லியும் ஏறாதபடி வழவழப்பான பூச்சு. இலத்தீனில் கொலும்பாரியம் என்று பெயர். இறந்தவர் சாம்பலை வைக்கும் சுவர்மாடங்களுக்கும் அதே பெயரை வைத்தார்கள் என்பது வேறொரு கட்டுரைக்கான விஷயம். பாரசீகத்தில் இஸ்ஃபஹான் நகரைச் சுற்றி, சபவி மன்னர் காலத்தில், கோட்டைக் கொத்தளம் போல வட்டமான மண் கோபுரங்களை எழுப்பினார்கள். உள்ளே தேன்கூடு மாதிரி ஆயிரக்கணக்கில் பொந்துகள். புறாவைத் தின்ன அல்ல, எச்சத்துக்காக. பூசணி இனப் பழத்தோட்டங்களுக்கு அது உயர்ந்த எரு. மனிதர் நுழையும் கதவை அடைத்து வைத்து, எரு எடுக்கும் நாளில் மட்டும் திறப்பார்கள். நான் படித்தறிந்தவற்றில் மனிதனும் பறவையும் ஒருவரை ஒருவர் அதிகம் தொந்தரவு செய்யாத ஏற்பாடு இதுதான்.

பிரான்சில் கதையே வேறு. அங்கே பெரிய புறாக்கோபுரம் கட்டும் உரிமை நிலப்பிரபுவுக்கே உண்டு. எத்தனை பொந்து வைக்கலாம் என்பது அவருக்கு எவ்வளவு நிலம் என்பதைப் பொறுத்தது. அதனால் சுவரில் பொந்துகளை எண்ணினால் பிரபுவின் சொத்தை எண்ணிவிடலாம். அந்தப் புறாக்கள் மேய்ந்ததோ குடியானவன் விதைத்த வயலில். விதைத்தவன் அவற்றை அடிக்கக் கூடாது. இந்த எரிச்சல் எவ்வளவு ஆழமாக இருந்தது என்றால், 1789 ஆகஸ்டில் பிரபுக்களின் உரிமைகளை ஒழித்துத் தேசிய சபை தீர்மானம் போட்டபோது, புறாக்கூட்டு உரிமைக்கென்றே அதில் தனியாக ஒரு பிரிவு இருந்தது. நாட்டுப்புறத்தில் அழகாக நிற்கும் பழைய புறாக்கோபுரத்தின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் நான் இதை நினைத்துக்கொள்வேன். கூரை அழகு, விகிதம் அழகு, உள்ளே சுழலும் ஏணி ஒரு தச்சு விந்தை. நடுத்தூணில் பொருத்தியிருக்கும் அந்த ஏணியில் நின்றபடி, சுற்றி வந்து, எந்தப் பொந்திலிருந்தும் குஞ்சை எடுத்துவிடலாம். அத்தனையும் சரி. பொந்தின் முன்வாசல் புறாவுக்கு, பின்வாசல் சமையற்காரனுக்கு.

இந்தியாவில் புறாக்கூடு என்றால் குஜராத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. ஊர் நடுவே ஒற்றைத் தூணின் மேல் மண்டபம் போல் நிற்கும் சபூத்ரோ, மரத்திலும் கல்லிலும் செதுக்கிய அருமையான சிறு கட்டடம். அகமதாபாத்தின் பழைய தெருக்களில் இன்றும் பார்க்கலாம். அங்கே ஏணி வைத்து ஏறுகிறவன் எடுக்க ஏறுவதில்லை, தானியம் போட ஏறுகிறான். வணிகர்களின் தருமம் அது.

தமிழ்நாட்டில் ஏன் இப்படி ஒரு தனிக்கட்டடம் வழக்கத்துக்கு வரவில்லை? நாம் புறாவைத் தின்னாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. தின்றோம், மருந்தென்றும் சொல்லித் தின்றோம். என் பதில் இது: இங்கே புறாக்கூடு தனியாக நிற்கவில்லை, மற்ற எல்லாக் கட்டடத்துக்குள்ளும் புகுந்துவிட்டது. இதற்குச் சொற்களே சாட்சி.

கோயிலின் சுவருக்கு மேலே, கூரை தொடங்கும் இடத்தில், வெளியே வளைந்து இறங்கும் கல் இறவாரத்தைத் தமிழில் கொடுங்கை என்போம். சிற்ப நூல்கள் கபோதம் என்கின்றன. கபோதம் என்றால் புறா. புறாவின் தலையும் கழுத்தும் போல வளைந்திருப்பதால் இப்பெயர் என்று பல கையேடுகள் எழுதியிருக்கின்றன. எனக்கு இது ஒப்புதலில்லை. அமரகோசத்தில் கபோதபாலிகை என்றொரு சொல் இருக்கிறது. விடங்கம் என்பதற்கு அங்கே தரப்படும் பொருள் அதுவே. வீட்டின் மேற்புறத்தில் புறாக்கள் தங்கும் விளிம்பு அல்லது கூண்டு என்பது கருத்து. இடத்தின் பெயர் முதலில், வடிவத்தைப் பார்த்துச் சொன்ன காரணம் பிறகு என்று கொள்வதே பொருந்தும். தச்சன் புறாவைப் போல் ஒன்றைச் செய்யவில்லை. புறா உட்கார்ந்த இடத்தைப் புறா என்று கூப்பிட்டான். நம் வீடுகளில் ‘விளக்கு’ என்று மாடக்குழியையே கைகாட்டுகிற மாதிரி. (திருவாரூர் விடங்கரை இதில் இழுக்க வேண்டாம். உளி படாத மூர்த்தி என்று அதற்கு வேறு விளக்கம் வழங்குகிறது. ஒலி ஒன்றென்பதால் பொருளையும் ஒன்றாக்குவது ஆராய்ச்சி ஆகாது.)

இன்னொரு சொல் வலபி. கொடுங்கைக்கு நேர்கீழே பூதகணங்களோ அன்னங்களோ வரிசையாகச் செதுக்கிய பட்டையைச் சிற்பிகள் அப்படி அழைப்பார்கள். காளிதாசனின் மேகதூதத்தில் மேகம் இரவில் தங்கிப்போகும் வீட்டு உச்சிக்கு வலபி என்றே பெயர். அங்கே புறாக்கள் உறங்கிக்கொண்டிருக்கின்றன. தமிழில் இதற்கு முன்னமேயே நெடுநல்வாடை புறாவைக் காட்டிவிட்டது. அடைமழைக் கூதிர்க்காலம், வீட்டுப்புறா வெளியே இரை தேடப் போக வழியின்றி, இரவா பகலா என்றும் தெரியாமல், இருந்த இடத்திலேயே மாறி மாறி உட்கார்ந்திருக்கிறது. அது உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு மதலை என்று சொல். உரைகாரர் நச்சினார்க்கினியர் அதைக் கொடுங்கையைத் தாங்கும் பலகை என்று விளக்குகிறார். ஒரு கட்டடக்கலைக் குறிப்புக்கு இதைவிடத் துல்லியம் வேண்டுமா? மேலே வளைந்த கொடுங்கை, கீழே தாங்கு பலகை, இடையில் ஒரு சாண். நான் முதலில் சொன்ன பாறை விளிம்பு அப்படியே வந்துவிட்டது.

பட்டினப்பாலையில் வருவது இன்னும் சுவாரசியம். தவம் செய்வோர் வளர்க்கும் வேள்விப் புகை பொறுக்காமல், காவிலிருந்த குயில் தன் பெடையோடு வெளியேறுகிறது. போய்ச் சேருவது பூதங்கள் காக்கும் கோயிலுக்கு. அங்கே முன்பே குடியிருக்கும் புறாக்களோடு ஒண்டிக்கொள்கிறது. அந்த ஒண்டுக்குடித்தனத்துக்குப் புலவர் போடும் சொல் துச்சில். திருக்குறளிலும் வரும் சொல். ஆகக் கோயிலில் புறா பழைய குடி, குயில் வந்தேறி. நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து சாலைக் கம்போளத்தில் கடை போட்ட நம்மவர் எவருக்கும் துச்சில் என்ற சொல்லின் பொருளை அகராதி பார்த்து அறியவேண்டிய தேவை இல்லை. பூதங்கள் காக்கும் கோயில் என்றதையும், கொடுங்கையின் கீழே கல்லில் பூதவரிசை வருவதையும் இணைத்துப் பார்க்க ஆசை வருகிறது. ஆனால் பாட்டுக்கும் கல்லுக்கும் இடையே சில நூற்றாண்டு இடைவெளி. ஆசையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இனிக் கல்லுக்கு வருவோம். மாமல்லபுரத்தில் 7ஆம் நூற்றாண்டுத் தேர்களின் கொடுங்கையை அண்ணாந்து பாருங்கள். வளைந்த கல்விளிம்பின் மேல் இடைவெளி விட்டு லாட வடிவில் சிறு வளைவுகள் துருத்திக்கொண்டிருக்கும். வடமொழி நூல்கள் இதை நாசி, மூக்கு, என்கின்றன. கவாட்சம், அதாவது மாட்டுக்கண், என்றும் ஒரு பெயர். தமிழ்ச் சிற்பிகள் வாயில் இது கூடு. கூடுதான், வேறொன்றுமில்லை. புதுச்சேரியிலிருந்து ஆராய்ந்த ழூவோ துப்ரேய் 1914இல் வெளியிட்ட தென்னிந்தியத் தொல்லியல் நூலில், இந்தக் கூட்டின் உருவம் காலந்தோறும் மாறிவருவதை வைத்தே கோயில்களின் காலத்தைக் கணிக்க வழி காட்டினார். பல்லவர் கூட்டின் உச்சி மண்வெட்டித் தகடு போல இருக்கும், சோழர் காலத்தில் அதே இடத்தில் சிங்கமுகம் ஏறும். அன்று முதல் இன்றுவரை நம் மாணவர்கள் கூட்டைப் பார்த்து வருடம் சொல்லக் கற்றுக்கொள்கிறார்கள். மிக நல்லது. ஆனால் கடிகாரமாக வைத்துக்கொண்டபின் அது கூடு என்பது மறந்துபோயிற்று. ‘குடு’ என்று ஆங்கில எழுத்தில் படித்துவிட்டு, அதையே தமிழில் ‘குடு’ என்று திருப்பி எழுதும் கட்டுரைகளைக் கண்டிருக்கிறேன். நம் சொல் வெளியூர் போய் ஒரு காலை இழந்து வந்திருக்கிறது.

அந்த மாமல்லபுரத்துக் கூடுகளுக்குள் என்ன இருக்கிறது? மனித முகம். ஜன்னலில் தலை நீட்டி வீதியை வேடிக்கை பார்க்கிற மாதிரி ஒவ்வொரு கூட்டிலும் ஒரு முகம். புறாவின் மேல் கூடு, கூட்டுக்குள் மனிதன். மூங்கிலும் வைக்கோலும் வேய்ந்த பழைய வீட்டின் இறவாரத்தில் புறாவும், கூரைச் சாளரத்தில் வீட்டுக்காரனும் இருந்த காட்சியைத்தான் தச்சன் கல்லில் நிறுத்திவைத்திருக்கிறான் என்று நான் படிக்கிறேன். கல்லில் வந்தபின்னும் மரத்தை அவர்கள் மறக்கவில்லை. புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயில் கொடுங்கையில் மரச் சட்டம், குறுக்குக் கம்பி, ஆணித்தலை எல்லாமே கல்லில் செதுக்கியவை. ‘ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக’ எதுவும் செய்து தருகிறோம் என்று சிற்பிகள் ஒப்பந்தம் எழுதுவார்களாம் என்ற பேச்சு ஊரறிந்தது. கல்லை அவ்வளவு மெலிதாக இழைத்ததைப் பாராட்டுவோர் பலர். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, அத்தனை மெலிதாக்கியும் அடியிலிருக்கும் நிழலைக் குறைக்கவில்லை என்பது.

திருவனந்தபுரத்தில் இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போகவேண்டாம். பத்மநாபசுவாமி கோயிலின் கிழக்குக் கோபுரம் ஓட்டுக்கூரைகளும் செப்புக்கூரைகளும் கொண்ட கேரளக் கோயில் அமைப்பின் நடுவே தமிழ்நாட்டுப் பாணியில் ஏழு நிலையாக எழுந்து நிற்கிறது. நிலைக்கு நிலை கபோதம், கபோதத்தில் கூடுகள். எதிரே பத்மதீர்த்தக் குளக்கரையில் தானியம் தின்றுவிட்டு எழும்புகிற புறாக்கூட்டம் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்புவதைக் கோட்டைக்கு வருகிற எல்லாரும் பார்த்திருப்பார்கள். கபோதத்தின் மேல் கபோதம் உட்கார்ந்திருக்கும். கேரளத் தச்சர் வழியில் மரக்கூரையின் முக்கோண முகப்பும் அதன் அழிகளும் இதே வேலையைச் செய்கின்றன. காற்றுக்கு விட்ட வழியில் புறா வாடகை கொடுக்காமல் நுழைந்துவிடும்.

சாலைக் கம்போளத்தில், திவான் ராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏற்படுத்திய அந்த நெடுந்தெருவில், பழைய அரிசிக்கடைகளின் மச்சு இப்படிப்பட்டதுதான். முன்னொரு நாள் ஒரு கடைக்காரரிடம் இந்தப் பேச்சை எடுத்தேன். ‘எலியும் புறாவும் இல்லாத அரிசிக்கடை உண்டுமா அண்ணாச்சி? எலிக்குப் பொறி வெப்போம். இதுக்கு மனசு வராது. சிந்துறதத் திங்குது, போட்டும்’ என்றார். சிந்துவதைத் தின்பது என்கிற அந்தக் கணக்கு பிரெஞ்சுப் பிரபுவின் கணக்குக்கு நேர் எதிர். அங்கே பிரபுவின் புறா பிறத்தியான் வயலைத் தின்றது. இங்கே யாருடையதுமில்லாத புறா, கடைக்காரர் சிந்தியதைத் தின்கிறது. அதே கடைக்காரர் அடுத்த மூச்சில், ‘ஆனா மச்சுல சாக்கு அடுக்க முடியல்ல, எச்சம் விழுந்தா ஒரு மூட்டை போச்சு’ என்றும் சொன்னார். அதையும் மறைக்காமல் எழுதவேண்டும்.

ஏனென்றால் எச்சம் சிறிய விஷயம் அன்று. அதிலுள்ள அமிலம் சுண்ணாம்புப் பூச்சை அரிக்கும். காய்ந்த தூசியை நாள்தோறும் மூச்சில் இழுப்பவர்களுக்கு நுரையீரல் கெடும் என்பதை மருத்துவம் உறுதியாகச் சொல்கிறது. இதை முன்வைத்தே 2025 ஜூலையில் மும்பை மாநகராட்சி அங்குள்ள கபூதர்கானாக்களை மூடத் தொடங்கியது. தாதரில் உள்ளதைத் தார்ப்பாய் போட்டு மூடியதும் ஆகஸ்டில் மக்கள் திரண்டு பிய்த்தெறியப் பார்த்ததும் செய்திகளில் வந்தன. அந்த வழக்கில் எனக்குப் புறா பக்கமும் பேச்சு உண்டு, நுரையீரல் பக்கமும் பேச்சு உண்டு. ஒரே இடத்தில் மூட்டை மூட்டையாகத் தானியம் கொட்டி ஆயிரம் பறவையைக் கூட்டுவது வேறு. நான் இதுவரை சொல்லிவந்த கொடுங்கை ஏற்பாடு வேறு. அதில் பறவையின் எண்ணிக்கையைத் திட்டின் நீளமே அளந்துவிடும்.

நம் கோயில்களில் இப்போது நடப்பது இரண்டுமில்லை. புனருத்தாரணம் செய்யும்போது மண்டபத்தில் தொடங்கி விமானம்வரை நைலான் வலை போட்டுவிடுகிறார்கள். கபோதத்தின் கீழே கபோதம் வராமலிருக்க வலை! புதிதாகச் சிமெண்டில் எழுப்பும் கோபுரங்களிலோ வலைகூடத் தேவைப்படாது. கூடுகளை அச்சில் வார்த்து ஒட்டுகிறார்கள், ஆழம் ஒரு விரற்கடை, அடைக்கலாங்குருவிகூட அண்டாது. கொடுங்கையின் வளைவும் சப்பையாகி, நிழலே விழாத ஒரு கோடாகப் போய்விட்டது. பகல் பன்னிரண்டு மணிக்குப் பழைய கோபுரத்தையும் புதியதையும் அடுத்தடுத்துப் பார்த்தால் தெரியும்: பழையதில் நிலைக்கு நிலை கரிய பட்டை விழுந்து எடுப்பாக நிற்கும், புதியது வர்ணம் அடித்த பொம்மைக் கொலு. சுதை வேலை செய்யும் ஓர் இளைஞரிடம் கேட்டதற்கு, ‘கூடுன்னா ஒரு பேருதான சார். உள்ள குழிவா எடுத்தா பொறா வந்து அடையும், அப்புறம் கமிட்டிக்காரங்க நம்மளப் புடிப்பாங்க’ என்றார். அவர்மேல் குற்றமில்லை. புறா வராத கூட்டைக் கேட்டு வாங்குகிறவர்கள் நாம்.

நம் ஊர்க் கோயில்களில் அறங்காவல் பொறுப்பில் இருக்கும் அன்பர்கள் இந்த மலரைப் படிப்பார்கள் என்பதால் ஒரு யோசனை. மனிதர் நின்று கும்பிடுகிற, உட்கார்ந்து சாப்பிடுகிற மண்டபங்களுக்குள் புறா அடைவதைத் தடுக்கத்தான் வேண்டும். அங்கே தூண்களுக்கு இடையில் வலை கட்டுங்கள், தகராறில்லை. கோபுரத்திலும் விமானத்திலும் வெளிப்புறக் கொடுங்கையையும் கூடுகளையும் விட்டுவிடலாம். அங்கே விழும் எச்சத்தை ஆண்டில் ஒருமுறை, மழைக்குப் பின், தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும். இஸ்ஃபஹான்காரர்கள் அதையே காசாக்கினார்கள், நாம் நந்தவனத்துச் செடிக்காவது போடலாம். வலைக்காரர் வந்து அளவெடுக்கும்போது ‘கபோதத்துக்குக் கீழே மட்டும்’ என்று சொல்லிவிடுங்கள். மேலே ஆணி அடிக்கக் கல்லைத் துளைக்கிற வேலையும் அவருக்கு மிச்சம்.